ஜிடிஏ 5 கதையை முடித்தாயிற்று. சான் ஆண்ட்ரியாஸ் தந்த நிறைவு ஏன் வரவில்லை?

நீடாமங்கலத்தான் (கேள்வி)

வணக்கம். ஜிடிஏ 5 (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) கேமின் கதையைப் போன வாரம்தான் முடித்தேன். 2013-இல் வந்த கேம், கணினிக்கு 2015-இல் வந்தது. அதை ஓட்டுகிற மாதிரி ஒரு லேப்டாப் எனக்கு இப்போதுதான் அமைந்தது. கேம் அருமை, அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் கடைசி மிஷன் முடிந்து பெயர்கள் ஓடும்போது, அதே வரிசையின் பழைய கேமான சான் ஆண்ட்ரியாஸ் முடித்த அன்று இருந்த அந்த நிறைவு இல்லை. சித்தி பையனிடம் சொன்னேன். "அண்ணே, அது உன் சின்ன வயசு ஞாபகம். கேமுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை" என்கிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம் கேமுக்குள்ளேயே இருக்கிறது. என் கட்சியைச் சொல்கிறேன், இரண்டையும் ஆடியவர்கள் பதில் சொல்லுங்கள்.

நாங்கள் சான் ஆண்ட்ரியாஸ் ஆடியது மன்னார்குடியில் ஒரு பிரவுசிங் சென்டரில். மணிக்கு இருபது ரூபாய். ஹெசோயாம், ராக்கெட்மேன் என்று சீட் கோடு (ஏமாற்றுக் குறியீடு) எல்லாம் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். கரண்ட் போனால் அதுவரை ஆடியது போச்சு, ஏனென்றால் அதில் வீட்டுக்குப் போய்த்தான் சேவ் பண்ண முடியும். இருப்பதும் எட்டே எட்டு சேவ் இடம். நம் சேவ் மேலேயே வேறு ஒருவன் சேவ் பண்ணிவிட்டுப் போயிருப்பான்.

எங்கள் பக்கம் எந்தத் திசையில் பார்த்தாலும் வயல், தென்னை, தூரத்தில் ஒரு கோபுரம். மேடு என்றால் வெண்ணாற்றங்கரைதான் மேடு. மலை என்று ஒன்றை நான் முதன்முதலில் ஏறி இறங்கியது மவுண்ட் சிலியாடில். சைக்கிளை உச்சியில் நிறுத்திக் கீழே பார்த்துக்கொண்டே இருந்தது இன்னும் மனசில் நிற்கிறது. ஜிடிஏ 5-லும் அதே பெயரில் மலை உண்டு, பல மடங்கு அழகாகவும் இருக்கிறது. கேபிள் காரில் கூட ஏறலாம். ஆனால் அங்கே நான் போனது ஊர் சுற்றிப் பார்க்க. பழையதில் அந்த மலையடிவாரத்தில் நாயகன் சிஜேயைக் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போவான் ஊழல் போலீஸ்காரன் டென்பென்னி. வீடு கிடையாது, அண்ணன் ஜெயிலில், நம்பிய பிக் ஸ்மோக்கும் ரைடரும் துரோகிகள். ஏஞ்சல் பைன் என்ற அந்தச் சின்ன ஊரிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

என் வாதமே இதுதான். சான் ஆண்ட்ரியாஸ் மேப் கதையோடு சேர்ந்து திறக்கும். சான் ஃபியரோவும் லாஸ் வென்டுராஸும் முதலில் பூட்டியிருக்கும், மீறிப் போனால் நான்கு ஸ்டார் விழும், போலீஸ் துரத்தும். ஊரைவிட்டுத் துரத்தப்படுகிறோம், அடுத்த ஊரில் ஒரு கராஜ் போட்டுப் பிழைக்கிறோம், பாலைவனத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறோம், கேசினோ நகரத்துக்குப் போகிறோம், கடைசியில் கையில் காசோடு சொந்தத் தெருவான குரோவ் ஸ்ட்ரீட்டுக்குத் திரும்பினால் அது நம் தெருவாக இல்லை. தெருத் தெருவாக மீட்க வேண்டும், ஓரளவு மீட்டால்தான் கடைசி மிஷனே திறக்கும். பிழைப்புக்காக சிங்கப்பூர், வளைகுடா என்று போய்த் திரும்புகிற ஆட்கள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிற ஊரில் வளர்ந்தவனுக்கு இந்தக் கதை எங்கே போய்த் தொடும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஜிடிஏ 5-இல் பனியில் நடக்கும் அந்த முதல் கொள்ளை முடிந்ததுமே மேப் முழுக்கத் திறந்து கிடக்கிறது. எங்கேயும் போகலாம், அதனால் எங்கேயும் போய்ச் சேர்ந்த மாதிரி இல்லை.

இன்னொன்று. ட்ரூத் என்கிற ஹிப்பிக்காக ஒரு பண்ணையிலிருந்து கதிர் அறுக்கும் மிஷினைத் திருடி வருகிற மிஷன் இருக்கும். மெதுவாகத்தான் நகரும், பின்னால் துரத்துவார்கள். தை மாசம் எங்கள் வரப்போரம் நிற்கிற அதே மாதிரி மிஷின்! பிரவுசிங் சென்டரே கத்தியது. 5-இல் கிரேப்சீடு என்ற விவசாய ஊர் இருக்கிறது, டிராக்டரும் ஓட்டலாம். அறுப்பு மிஷின் இல்லை.

சாப்பாடு, ஜிம் விஷயமும் அப்படித்தான். சிஜே பர்கராகத் தின்றால் குண்டாவான், பட்டினி போட்டால் இளைப்பான், ஜிம்முக்குப் போனால் தோள் புடைக்கும். 5-இல் அது எதுவும் இல்லை. கார் ஓட்டுவதும் சுடுவதும் 5-இல் எவ்வளவோ மேல், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

நான் கேட்பது: 5-இல் நான் பார்க்காமல் விட்டது ஏதாவது இருக்கிறதா? எப்படி ஆடினால் அது நிறையும்?

தஞ்சாவூர் டிரெவர்

அண்ணே, நீங்கள் சொல்கிற பயணம் 5-இல் இல்லைதான். ஆனால் 5 அதைத் தர முயலவே இல்லையே. அது மைக்கேல், டிரெவர், ஃபிராங்க்ளின் என்ற மூன்று ஆட்களின் கதை. ஆளை மாற்றும்போது கேமரா வானத்துக்கு ஏறி இறங்குகிறதே, அந்த இடம்தான் இந்த கேம். நாம் இல்லாத நேரத்திலும் மைக்கேல் ஒரு பக்கம், டிரெவர் ஒரு பக்கம் அவரவர் பாட்டுக்கு வாழ்ந்துகொண்டிருப்பார்கள். சிஜேயை விட்டுவிட்டுப் போனால் விட்ட இடத்திலேயே நிற்பான்.

கொள்ளைகளை எப்படி ஆடினீர்கள்? நகைக்கடையில் கேஸ் விட்டு மயக்குகிற வழியா, துப்பாக்கியோடு நுழைகிற வழியா? ஒன்றை மட்டும் ஆடியிருந்தால் பாதி கேமைத்தான் பார்த்திருக்கிறீர்கள். கூலி குறைந்த ஹேக்கரை எடுத்தால் உள்ளே கிடைக்கிற நேரம் குறையும். ஆனால் கூட வந்தவன் உயிரோடு திரும்பினால் அடுத்த கொள்ளைக்குள் தேறியிருப்பான். ஆள் எடுப்பதை இவ்வளவு யோசித்துச் செய்ய வைத்த கேம் எனக்கு வேறு வாய்க்கவில்லை.

நீடாமங்கலத்தான்

தம்பி, கொள்ளைகள் நன்றாகவே இருந்தன. நகைக்கடையை கேஸ் விட்டுத்தான் முடித்தேன். ஆனால் நடுவில் துறைமுகத்தில் டிரெவரை வைத்து கண்டெய்னர் இறக்கவிடுகிறார்கள், மைக்கேலை யோகா பண்ண வைக்கிறார்கள். மெர்ரிவெதர் (தனியார் பாதுகாப்பு நிறுவனம்) கொள்ளையில் அவ்வளவு பாடுபட்டுக் கைக்கு ஒரு காசு வருவதில்லை. ஆளை மாற்றுகிற விஷயத்தில் நீ சொல்வது சரி. டிரெவருக்கு மாறும் ஒவ்வொரு தடவையும் இவன் இப்போது எங்கே கிடப்பானோ என்று ஆவலாகத்தான் இருந்தது.

ஃபிராங்க்ளினை வைத்துக்கொண்டு குரோவ் ஸ்ட்ரீட் பக்கம் போய்ப் பார்த்தாயா? சிஜே கூட்டத்தின் பச்சைச் சட்டை ஒன்று கூட இல்லை, தெரு முழுக்க எதிரிக் கூட்டமான பல்லாஸின் ஊதா. காரை ஓரமாக நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் அங்கேயே இருந்தேன்.

பட்டுக்கோட்டை அக்கா

நான் பிளேஸ்டேஷன் 2-இல் ஆடியவள், அண்ணனுடையது. பெண் பிள்ளையைப் பிரவுசிங் சென்டருக்கு யார் அனுப்பினார்கள்? அதனால் எனக்கு அந்தக் கூட்டமும் கூச்சலும் ஞாபகத்தில் இல்லை. தனியாக, அண்ணன் கல்லூரிக்குப் போன நேரத்தில் ஆடினேன். அப்படி ஆடியும் நீங்கள் சொல்கிற அதே நிறைவு எனக்கும் இருந்தது. உங்கள் சித்தி பையனுக்கு இதைச் சொல்லுங்கள்.

என்னைப் பிடித்தது விமானப் பள்ளி. அதை முடிக்காமல் கதை நகராது என்பதால் பலர் திட்டுவார்கள். எனக்கு அதுதான் உயிர். வட்டம் வட்டமாகச் சுற்றி, தரையிறங்கி, முதலில் வெண்கலம், பிறகு வெள்ளி, பிறகு தங்கம். அதன் பிறகு வானில் ஏறினால் அந்த வானம் நான் சம்பாதித்த வானம். 5-இல் விமானப் பள்ளிக்குப் போனாலும் போகலாம், போகாவிட்டாலும் ஒன்றும் நிற்காது. ஆனால் கடலுக்கு அடியில் 5-ஐ அடித்துக்கொள்ள ஆள் இல்லை. டிரெவருக்கு நீர்மூழ்கி கிடைத்த பிறகு நான் கதையை விட்டுவிட்டுக் கடலடியிலேயே சுற்றினேன்.

மாயவரம் மெக்கானிக்

மேப் விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். கடலையும் சேர்த்தால் 5-இன் மேப்தான் பெரியது. ஆனாலும் பழையது பெரிதாகத் தோன்றும். பிளேஸ்டேஷன் 2-இல் இருந்த முதன்மை நினைவகம் 32 எம்பி. தூரத்தில் இருப்பதை வரைந்துகாட்ட இடமே இல்லை, அதனால் புகை மூட்டம் போட்டு மறைத்தார்கள். மார்கழிக் காலையில் வயலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பக்கத்து ஊர் எங்கேயோ இருப்பது போலத் தெரியுமே, அதே கதைதான். போதாக்குறைக்கு ரோட்டையும் சுற்றிச் சுற்றிப் போட்டிருக்கிறார்கள். நேராக ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகவே விடாது.

2021 நவம்பரில் டெஃபினிட்டிவ் எடிஷன் என்ற புதுப்பித்த பதிப்பு வந்தபோது அந்த மூட்டத்தை எடுத்துவிட்டார்கள். உயரத்தில் ஏறினால் மூன்று நகரமும் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தன, மேப் சுருங்கிப் போனது. மழை வேறு கண்ணை மறைத்தது, கோளாறுகள் ஏராளம், ராக்ஸ்டார் மன்னிப்புக் கேட்டது. 2024 நவம்பர் அப்டேட்டில் பழைய வெளிச்சத்தைக் கொண்டுவந்த பிறகு பரவாயில்லை. திரும்ப ஆடுவதாக இருந்தால் செட்டிங்கில் அதைப் போட்டுக்கொண்டு ஆடுங்கள்.

நீடாமங்கலத்தான்

மெக்கானிக் அண்ணே, இது எனக்குப் புது விஷயம். அக்கா, "சம்பாதித்த வானம்" என்றீர்களே, நான் ஒரு பக்கம் எழுதியதை நீங்கள் ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு விமானப் பள்ளி அப்போது எரிச்சல்தான், ஆனால் அதை விருப்பப்பாடமாக வைத்திருந்தால் நான் தொட்டிருக்கவே மாட்டேன்.

இன்னொரு குறை. பழையதில் யூசர் டிராக்ஸ் ஃபோல்டரில் நம் பாட்டைப் போட்டு லாஸ் சாண்டோஸில் கேட்டுக்கொண்டே ஓட்டுவோம்.

தஞ்சாவூர் டிரெவர்

அது 5-லும் இருக்கிறது அண்ணே, கணினியில் மட்டும். செல்ஃப் ரேடியோ என்று பெயர். டாக்குமெண்ட்ஸில் கேமின் ஃபோல்டருக்குள் யூசர் மியூசிக் இருக்கும், அதில் பாட்டைப் போட்டுவிட்டு செட்டிங்கில் ஒருமுறை ஸ்கேன் கொடுங்கள்.

அப்புறம், கொள்ளைகளுக்குத் திட்டம் போடும் லெஸ்டர் தருகிற கொலை மிஷன்களை முடித்துவிட்டீர்களா? கதைக்குக் கட்டாயமான முதல் ஒன்றை மட்டும் முடித்திருந்தால் உங்களுக்கு யோகம்தான். கடைசிக் கொள்ளையின் பணம் மூன்று பேர் கையிலும் இருக்கும். ஒவ்வொரு மிஷனுக்கும் முன்னால் மூவர் பணத்தையும் கேமுக்குள் இருக்கிற பங்குச் சந்தையில் போட்டுவிட்டு ஃபிராங்க்ளினாக ஆடுங்கள்.

நீடாமங்கலத்தான்

முதல் ஒன்றைத் தவிர எல்லாம் பாக்கி இருக்கிறது. எதில் போடுவது? ஊரில் நெட் அடிக்கடி போய்விடும், அதனால் ஏதும் சிக்கல் வருமா?

தஞ்சாவூர் டிரெவர்

அடுத்த மிஷனுக்கு டெபொனேர் பங்கு, அது எல்சிஎன் சந்தையில் இருக்கிறது, நெட் இல்லாவிட்டாலும் ஓடும். அதற்கடுத்தது ஃப்ரூட், பாசாக் சந்தை, அதற்கு நெட் வேண்டும். பஸ் மிஷனுக்கு முன்னால் எதுவும் வாங்காதீர்கள். முடித்த பிறகு வேப்பிட் பங்கு விழும், அப்போது பாசாக்கில் வாங்குங்கள். கடைசிக்கு கோல்ட்கோஸ்ட், மறுபடி எல்சிஎன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் தனியாக ஒரு சேவ் போட்டுக்கொள்ளுங்கள். பங்கையும் வாங்கி மிஷனையும் முடித்த பிறகு படுத்துத் தூங்கினால் நேரம் ஓடும், விலை ஏறும்.