486 கணினி: ஆறு பீப், கறுப்புத் திரை

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அப்பா தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தபோது செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு) போட்ட 486 கணினி இது. அலுவலகம் கழித்துவிட்டதை வீட்டுக்குத் தூக்கி வந்தார். இப்போது ஆன் செய்தால் ஆறு முறை பீப் அடிக்கிறது. திரையில் ஒன்றும் வருவதில்லை.

பெயர் பொறிக்காத மதர்போர்டு, ஏஎம்ஐ நிறுவனத்தின் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்), இன்டெல் டிஎக்ஸ்2 66 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 30 பின் ராம் நான்கு, மொத்தம் 4 எம்பி. தீபாவளி வரை டாஸ் இயங்குதளம் வந்தது, தேதி மட்டும் நிற்காது. போன வாரம் திறந்தால், 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்து, கீபோர்டு சாக்கெட் ஓரமெல்லாம் பச்சை பூத்திருக்கிறது.

பேட்டரியை வெட்டி எடுத்தேன். வினிகரால் துடைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பழைய பல்துலக்கியை நனைத்துத் தேய்த்து, இரண்டு நாள் காயவைத்தேன். போர்டில் அறுந்த இரண்டு செப்புத் தடங்களை மெல்லிய கம்பியால் இணைத்துப் பற்றவைத்தேன். ராமைக் கழற்றி மாட்டினேன், கீபோர்டையும் மாற்றினேன். சாக்கெட்டில் 5 வோல்ட் வருகிறது. அதே ஆறு பீப்தான். கடைக்காரர், "புதிதாக வாங்கிவிடுங்கள் அண்ணே" என்கிறார். அதைக் கேட்கவா அவரிடம் போனேன்!

ஏஎம்ஐ கணக்கில் ஆறு பீப் என்றால் கேட் ஏ20, அதாவது கீபோர்டு கண்ட்ரோலர் பக்கம் கோளாறு. அந்தக் கண்ட்ரோலர், 40 கால் சிப், போர்டில் பற்றவைக்காமல் தனி சாக்கெட்டில்தான் இருக்கிறது. ஒரு கால் கறுத்து, தொட்டால் பொடியாக உதிர்கிறது. என்னிடம் செத்துப்போன 386 போர்டு ஒன்று உண்டு, அதிலும் ஏஎம்ஐ பயாஸ்தான். அதன் கண்ட்ரோலரைக் கழற்றி இதில் போடலாமா?