பூனைப் படக்கதையில் சிரிப்பு வரவில்லை: எழுத்தைக் குறைப்பதா, படத்தை மாற்றுவதா?

மணிப்புறா:
வணக்கம். 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்கான படக்கதை. சிங்கப்பூர் ஈசூனில் நாலறை வீடு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அதிகாரி வரும்போதெல்லாம் பாட்டி பூனையை ஒளித்து வைக்கிறார். கூண்டில் இரண்டு ஹேம்ஸ்டர். மொத்தம் 30 பக்கம், 850 சொல். வாசித்துக் காட்டினால் பிள்ளைகள் கேட்கிறார்கள், ஆனால் சிரிப்பதில்லை. எங்கே கை வைப்பது?

கோட்டோவியம்:
முதலில் எழுத்தை வெட்டுங்கள். இந்த வயதுக்கு 300, 400 சொல் தாராளம். படம் காட்டுவதையே வாக்கியமும் சொன்னால் சிரிக்க ஒன்றும் மிஞ்சாது. "பாட்டி பூனையை அரிசி டின்னுக்குள் ஒளித்தார். வால் வெளியே தெரிந்தது" என்று இருந்தால் இரண்டையும் அடித்துவிடுங்கள். பாட்டி, "பூனையா? இங்க ஏது பூனை!" என்று மட்டும் சொல்லட்டும். வால் படத்தில் ஆடட்டும். "ஐயோ, பாட்டி பொய் சொல்றாங்க!" என்று கத்துவது பிள்ளையின் வேலை, அதை நாம் பிடுங்கக்கூடாது.

அடுத்தது பக்கம் புரட்டல். கேள்வி வலப்பக்கக் கடைசியில் வர வேண்டும், விடை புரட்டியபின் இடப்பக்கத்தில். "கிறீச்... கிறீச்... அது என்ன சத்தம்?" என்று கேட்டுவிட்டு எதிர்ப்பக்கத்திலேயே ஹேம்ஸ்டர் சக்கரம் சுற்றினால், கண் முதலில் அங்கேதான் ஓடும். தொபுக்கடீர், குடுகுடு போன்ற சத்தங்கள் விரிப்புக்கு (எதிரெதிர் இரண்டு பக்கம்) ஒன்று போதும். உரையாடலைப் பேச்சுத்தமிழில் எழுதுங்கள், வாசிப்பவர் வாய் தடுக்காது.

வால்நுனி:
கதையின் முடிச்சே இப்போது பொருந்தாது. 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீட்டில் உரிமம் எடுத்துப் பூனை வளர்க்கலாம். ஆனால் 2 பூனைதான். அப்படியென்றால் பாட்டி மூன்றாவதை ஒளிக்கட்டும்! அதிகாரி "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ண, மூன்றாவது வால் பக்கத்துக்குப் பக்கம் இடம் மாறட்டும். கடைசியில் அது பக்கத்து வீட்டுப் பூனை என்றால் பாட்டியும் தப்பித்தார். சன்னலுக்கு வலை வரைய மறக்காதீர்கள்.

ஹேம்ஸ்டர் சிரியன் வகையா? அப்படியானால் ஒன்றுதான் வரையலாம். வளர்ந்த இரண்டை ஒரே கூண்டில் விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும். அதன் கன்னப்பை தோள் வரை நீளும். விதையை அடைத்து அடைத்து முகம் உப்பிப் போவது நிஜமாகவே நடப்பது, அதற்கு ஒரு முழு விரிப்பு கொடுங்கள். சக்கரச் சத்தம் இரவுக் காட்சியில் வரட்டும், பகலில் பெரும்பாலும் தூங்கும். அழகாக இருக்கிறதே என்று முள்ளெலியைச் சேர்க்காதீர்கள், இங்கே வளர்க்க அனுமதி இல்லை.

அச்சுமை:
நடுவில் கம்பிப் பின் குத்தும் புத்தகத்தில் பக்கம் நாலால் வகுபட வேண்டும், 30 வராது. 32 ஆக்குங்கள். தலைப்பு, உரிமைப் பக்கங்கள் போக 14 விரிப்பு கிடைக்கும். பூனை முகம் நடுமடிப்பில் விழுந்தால் மூக்கு காணாமல் போகும், ஒரு பக்கமாகத் தள்ளி வரையச் சொல்லுங்கள். வெட்டும் ஓரத்துக்கு வெளியே படம் 3 மில்லிமீட்டர் நீள வேண்டும். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் 'வேர்ல்டு-ரெடி கம்போசர்' அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் 'கொக்கரக்கோ'வில் கொம்பு இடம் மாறி நிற்கும். ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண்ணைத் தேசிய நூலக வாரியத்தில் வாங்கலாம். நூல் வெளியான 4 வாரத்துக்குள் அங்கே 2 பிரதி கொடுக்க வேண்டும்.

மணிப்புறா:
எல்லாருக்கும் நன்றி. மூன்றாவது வாலை எடுத்துக்கொள்கிறேன். அரிசி டின் 12ஆம் பக்கத்தில் இருக்கிறது, "பூனை எங்கே?" 11க்குப் போகிறது.