பையன் ஃபுட்பால் கோச் ஆகப் போறானாம்: சின்ன காலேஜ்ல அது ஒரு பிழைப்பா?

நேப்பர்வில் அம்மா:

வணக்கம். பையன் இல்லினாய்ல ஒரு சின்ன தனியார் காலேஜ்ல எகனாமிக்ஸ் கடைசி வருஷம். டிவிஷன் 3 டீம்ல, அதாவது பெரும்பாலும் சின்ன காலேஜுங்க ஆடற பிரிவுல, கிக்கர், பந்தை உதைக்கிறவன். நம்ம கால்பந்து இல்ல, ஹெல்மெட் மாட்டிக்கிட்டு மோதிக்கிற அமெரிக்கன் ஃபுட்பால். சின்னதுல சாக்கர் ஆடிட்டு இருந்தவன், ஹைஸ்கூல்ல கூப்பிட்டு உதைக்க விட்டாங்க, அதோட சாக்கரை மறந்துட்டான்.

போன வாரம் வந்து, வேலைக்கு எங்கயும் அப்ளை பண்ணப் போறதில்ல, வேற ஒரு காலேஜ்ல கிராஜுவேட் அசிஸ்டென்டா, அதாவது மாஸ்டர்ஸ் படிச்சுக்கிட்டே கோச்சுக்கு உதவற ஆளா, சேர்ந்து கோச் ஆகப் போறேங்கறான். அன்னிலேர்ந்து அவங்க அப்பா அவன்கிட்ட பேசறதில்ல. அவன்கிட்ட கேக்க வேண்டியதையெல்லாம் என்கிட்ட கேக்கறார், சத்தமா.

டிவியில வர்ற பெரிய யுனிவர்சிட்டி கோச்சுங்க கோடிக்கணக்குல வாங்கறாங்கன்னு தெரியும். சின்ன காலேஜ் கோச்சோட பிழைப்பு எப்படி? நாப்பது வயசுல எங்க நிப்பான்? உள்ளேயிருந்து பாத்தவங்க யாராவது சொல்லுங்க.

டல்லஸ் துரை:

எகனாமிக்ஸ் படிச்சுட்டு விசில் ஊதறதா? அக்கா, முதல்ல ஒரு வேலையில உக்காரச் சொல்லுங்க. சாயங்காலம் பக்கத்து ஸ்கூல் பசங்களுக்குச் சொல்லித் தரட்டும். ஆசையும் தீரும், ஹெல்த் இன்ஷூரன்சும் கிடைக்கும்.

ஒஹையோ வாத்தியார்:

நான் இங்க ஒரு சின்ன காலேஜ்ல கெமிஸ்ட்ரி சொல்லித் தர்றேன். பேர் வேண்டாம். கூடவே ஃபேகல்டி அத்லெடிக்ஸ் ரெப்ரசென்டேட்டிவ்னு ஒரு பொறுப்பு. அதாவது, ஆடற பிள்ளைங்க படிப்பைக் கோட்டை விடாம பாத்துக்கிற வாத்தியார். காசு கிடையாது, மேட்ச் அன்னிக்கு சாப்பாடு உண்டு. அதனால கோச்சுங்க வாழ்க்கையைக் கிட்டத்துலேர்ந்தே பாக்கறேன்.

முதல்ல ஒண்ணு. டிவிஷன் 3ல விளையாட்டுக்குன்னு ஸ்காலர்ஷிப் கிடையாது. டீம்ல நூறு பேருக்கு மேல இருப்பாங்க, அத்தனை பேரும் ஃபீஸ் கட்டிப் படிக்க வர்றவங்க. சின்ன தனியார் காலேஜ் ஃபீஸ் வருமானத்துலதான் உயிரோட இருக்கு. ஆம்பளப் பசங்க எண்ணிக்கை குறையுதுன்னு புதுசா ஃபுட்பால் டீம் ஆரம்பிச்ச காலேஜ்களே உண்டு. ஆக, கோச்சோட முதல் வேலை ஆள் பிடிக்கிறது. நம்ம ஊர் சுயநிதி இன்ஜினியரிங் காலேஜ்ல மே மாசம் வந்தா லெக்சரர் தலைக்கு இத்தனை அட்மிஷன்னு கணக்குக் குடுத்து ஊர் ஊரா அனுப்புவாங்களே, ஏறக்குறைய அதேதான். என்ன, இங்க டி-ஷர்ட் நல்லா இருக்கும்.

இதுல ஒரு சங்கடம், வர்றேன்னு சொன்ன பையனை ஒப்பந்தம் போட்டுக் கட்டிப்போட வழியே இல்ல. மே மாசம் டெபாசிட் கட்டினாத்தான் பாதி நம்பிக்கை. ஆகஸ்ட்ல பயிற்சி ஆரம்பிக்கிற அன்னிக்குப் பெட்டியோட வந்து இறங்கினாத்தான் முழு நம்பிக்கை.

அடுத்து கிராஜுவேட் அசிஸ்டென்ட். மாஸ்டர்ஸ் ஃபீஸ் தள்ளுபடி, கொஞ்சம் கைக்காசு, சில இடத்துல தங்க ரூமும் மெஸ் சாப்பாடும். வழக்கமா ரெண்டு வருஷம். சனிக்கிழமை மேட்ச் முடிஞ்சதும் அந்த மேட்ச் வீடியோவை ஒவ்வொரு தடவை பந்தை எடுத்து ஆடறதையும் தனித்தனித் துண்டா வெட்டி, ஞாயித்துக்கிழமை காலையில பெரிய கோச் வர்றதுக்குள்ள தயாரா வைக்கணும். ஜெர்ஸி துவைக்கிறது, வேன் ஓட்டறது, மைதானத்துல கோன் அடுக்கறது எல்லாம் இவன் தலையிலதான்.

எங்க காலேஜ்ல ஒரு தம்பி இருந்தான், டிஃபென்ஸ் பக்கம் அசிஸ்டென்ட். பருவத் தேர்வு முடிஞ்ச வாரம் கையில ஒரு தாளோட என் ரூம் வாசல்ல நிப்பான். அவன் பொறுப்புல இருக்கிற பசங்க பேரு, பக்கத்துல மார்க்கு. "சார், இவன் லேப் ரிப்போர்ட் ரெண்டு குடுக்கலையாமே, நாளைக்குக் குடுத்தா எடுத்துப்பீங்களா?" பையனோட அப்பா அம்மாகூட அப்படி வந்து கேட்டதில்ல. அவன் சம்பளத்தை நான் கேட்டது கிடையாது. ஆனா கார் பின் சீட்டுல தலகாணி இருக்கும், ஆள் பிடிக்கப் போற இடத்துல ஹோட்டலுக்குக் குடுக்கிறது மிச்சம்னு.

அதுக்கப்புறம் ஒவ்வொரு படியும் ஒவ்வொரு ஊர். ஒரு பொசிஷனுக்குக் கோச், அப்புறம் அட்டாக் பக்கமோ டிஃபென்ஸ் பக்கமோ முழுசாப் பாத்துக்கிற கோஆர்டினேட்டர், கடைசியில ஹெட் கோச். நடுவுல ஹெட் கோச்சை அனுப்பிட்டாங்கன்னா அவர்கூட இருக்கிற அசிஸ்டென்டுங்க வேலையும் ஆட்டம் காணும். ஜனவரியில கோச்சுங்க சங்கத்து மாநாடு நடக்கும். சொற்பொழிவு ஹால்ல நடக்கும், வேலை தேடறது ஹோட்டல் லாபியில நடக்கும். கல்யாணம் ஆனா, கூடவே ஊர் மாறத் தயாரா இருக்கிற பொண்ணா அமையணும். இதைப் பூசி மெழுகிச் சொல்லி என்ன பிரயோஜனம்?

மேல போனவங்க இல்லாம இல்ல. லான்ஸ் லீபோல்டுன்னு ஒரு கோச், விஸ்கான்சின் வைட்வாட்டர்ங்கற டிவிஷன் 3 காலேஜ்ல 109 ஜெயிச்சு 6 தோத்து, ஆறு தேசியப் பட்டம் வாங்கிட்டுத்தான் பெரிய டிவிஷனுக்குப் போனார். நிக் சிரியானி எங்க ஒஹையோவுல மவுன்ட் யூனியன்ங்கற டிவிஷன் 3 காலேஜ்ல ஆடி, அங்கயே கோச்சிங் ஆரம்பிச்சவர். 2025 பிப்ரவரியில ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ்ங்கற தொழில்முறை டீமுக்கு சூப்பர் பவுல், அதாவது தொழில்முறை லீக்கோட இறுதிப் போட்டியை, ஜெயிச்சுக் குடுத்தார். உங்க பையன் இந்தப் பேரெல்லாம் ஏற்கெனவே உங்ககிட்ட சொல்லியிருப்பான்.

நேப்பர்வில் அம்மா:

ரொம்ப நன்றி சார். லீபோல்டு பேர் வரல. ஜான் கலியார்டின்னு ஒருத்தரைச் சொல்றான், ஒரே காலேஜ்ல அறுபது வருஷம் இருந்தாராம். "எனக்குப் பெரிய இடமே வேண்டாம்மா, அவர் மாதிரி இருந்தா போதும்"ங்கறான். நிஜமாவா?

ஒஹையோ வாத்தியார்:

நிஜம்தான். மின்னசோட்டாவுல காலேஜ்வில்னு ஒரு இடம், பெனடிக்டைன் துறவிங்க நடத்தற செயின்ட் ஜான்ஸ். அங்க 1953லேர்ந்து 2012 வரைக்கும் அவர்தான் ஹெட் கோச். அதுக்கு முன்னாடி மான்டானாவுல கேரல் காலேஜ்ல நாலு வருஷம். மொத்தம் 489 வெற்றி, 138 தோல்வி, 11 டிரா. காலேஜ் ஃபுட்பால்ல எந்த டிவிஷன்லயும் இதுக்கு மேல யாரும் ஜெயிச்சதில்ல. தேசியப் பட்டம் நாலு. கடைசிப் பட்டம் 2003ல, தொடர்ந்து 55 மேட்ச் ஜெயிச்சுட்டு வந்த மவுன்ட் யூனியனை 24-6ல தோக்கடிச்சு. எங்க ஊர்ப் பக்கம் அதை இன்னும் யாரும் விரும்பிப் பேசறதில்ல.

அவர் ஆரம்பிச்ச கதை இன்னும் அழகு. 1943, கொலராடோ டிரினிடாட்ல அவர் படிச்ச பள்ளிக்கூடத்துக் கோச்சைப் போருக்குக் கூப்பிட்டுட்டாங்க. டீமைக் கலைச்சுடலாம்னு இருந்தப்ப, 16 வயசுப் பையன், கேப்டன், நானே நடத்தறேன்னு நின்னார். பழைய கோச் பண்ணதுல தனக்குப் பிடிக்காததையெல்லாம் முதல் வேலையா நிறுத்தினார். தண்ணி குடிக்கக் கூடாதுங்கறது, முட்டி தேய ஓட விடறது, எல்லாம். கடைசி வரைக்கும் அதே வழிதான். பயிற்சியில டேக்கிள் பண்ணி ஆளைக் கீழ தள்ளக் கூடாது. விசில் கிடையாது. துரை தம்பி கவனிக்க! "கோச்"னு கூப்பிடக் கூடாது, "ஜான்"னுதான். பயிற்சி ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டாது. டீமுக்கு வர்ற யாரையும் கழிச்சுக் கட்ட மாட்டார். பசங்களைப் புல்லுல மல்லாக்கப் படுக்க வெச்சு, பக்கத்துல இருக்கிறவன்கிட்ட "இன்னிக்கு நாள் நல்லா இருக்குல்ல"ன்னு சொல்லச் சொல்றது, அதுவும் அவர் பயிற்சியில ஒரு அங்கம். எதிர் டீம் பாத்துட்டுச் சிரிக்கும். அப்புறம் தோத்துட்டுப் போகும்.

ஆனா உங்க பையன் அவரைப் பாக்கிற கோணம்தான் எனக்கு இடிக்குது. அறுபது வருஷம் ஒரே இடத்துல இருந்ததைப் பாக்கறான். முதல் பத்து வருஷத்தைப் பாக்கணும். கேரல்ல பாஸ்கெட்பாலும் அவர் தலையிலதான். செயின்ட் ஜான்ஸுக்கு வந்தும் ஐஸ் ஹாக்கி டீமையும் நடத்தினார், அவர் ஹாக்கி ஆடி வளர்ந்தவரே இல்ல. ஒரு சம்பளத்துக்கு ரெண்டு மூணு வேலை. சின்ன காலேஜ் இன்னிக்கும் அப்படித்தான். அசிஸ்டென்ட் கோச்சே டிராக் டீமையும் பாப்பார், ஜிம்மையும் திறந்து விடுவார். இதுக்கு அவன் தயார்னா, தாராளமாப் போகட்டும். எனக்குத் தெரிஞ்ச வரைக்கும், திங்கட்கிழமை காலையில வேலைக்கு ஓடி வர்றவங்க எங்க காலேஜ்ல கோச்சுங்க இருக்கிற அந்த ஒரு ஆஃபீஸ்லதான் இருக்காங்க.

ஆனா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி மூணு விஷயம் எழுத்துல வாங்கச் சொல்லுங்க: ஃபீஸ் முழுசாத் தள்ளுபடியா பாதியா, கோடை மாசத்துல கைக்காசு வருமா, எந்த மாஸ்டர்ஸ்ல சேர விடுவாங்க. ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட்ல தள்ளிவிடப் பாப்பாங்க, வகுப்பு நேரம் பயிற்சிக்கு இடிக்காதுன்னு. எகனாமிக்ஸ் பையன், எம்பிஏவோ டேட்டா பக்கமோ கிடைக்கிற காலேஜாத் தேடட்டும். இன்ஷூரன்ஸ் பத்திக் கவலை வேண்டாம், 26 வயசு வரைக்கும் உங்க பாலிசியிலயே இருக்கலாம்.

டல்லஸ் துரை:

விசிலை வாபஸ் வாங்கிக்கறேன் சார். அக்கா, கிக்கர்னா ஸ்பெஷல் டீம்ஸ் கோச், அதாவது பந்தை உதைக்கிற ஆட்டத்தைப் பாத்துக்கிற கோச், வேலை எங்கெங்க காலியா இருக்குன்னு இப்பவே பாக்கச் சொல்லுங்க. சீசன் முடிஞ்ச உடனே ஆள் எடுக்க ஆரம்பிச்சுடுவாங்க.