"ஆங்கோவ்" எந்த ஊர்க் குடும்பப்பெயர்? தங்கவயல் கேப்டன் ஒருவரைத் தேடுகிறேன், உதவுங்கள்

தங்கவயல்_பேத்தி:
வணக்கம். என் கொள்ளுத்தாத்தா வட ஆற்காட்டிலிருந்து பிழைப்புக்காகக் கோலார் தங்கவயலுக்குப் போய், சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர். அவர் விட்டுப்போனதில் எங்களிடம் மிஞ்சியது ஒரு தகரப் பெட்டியும், அதற்குள் நாலாக மடித்த ஒரு வேலைச் சான்றும்தான். "ஆறு வருடம் என்னிடம் வேலை பார்த்தார், நம்பிக்கையானவர்" என்று ஆங்கிலத்தில் நாலு வரி. வருடம் 1908. கீழே 'கேப்டன்' என்று போட்டு ஒரு கையெழுத்து. பெட்டி மூடியின் உட்பக்கம் வெள்ளை பெயின்டில் அதே பெயர்: ஏ, என், ஜி, ஓ, வி, இ.

அப்பாவுக்கு 78 வயது. பெட்டியைக் கொடுத்த மனுஷன் யார், அவர் வம்சத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். இருந்தால் சான்றின் நகலை அவர்களுக்கு அனுப்ப வேண்டுமாம்.

கேப்டன் என்பதால் ராணுவ அதிகாரிகள் பட்டியலை 1890 முதல் 1910 வரை வருடம் வருடமாகப் பார்த்துவிட்டேன். இல்லை. கப்பல் கேப்டனோ என்று அதையும் பார்த்தேன், இல்லை. இது இங்கிலாந்துப் பெயர்தானா என்பதே இப்போது சந்தேகமாகிவிட்டது. எங்கே தப்பு செய்கிறேன்?

பழங்கணக்கு:
ஒலியைப் பார்த்தால் பிரெஞ்சு போல இருக்கிறது. புதுச்சேரிப் பக்கம் தேடிப் பாருங்களேன்.

ஏடும்_எழுத்தும்:
சகோதரி, இது கார்ன்வால் பெயர். இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் கடலுக்குள் நீண்டு கிடக்கிற பகுதி அது. அங்கே முன்பு கார்னிஷ் என்று தனி மொழி பேசினார்கள். அதில் 'கோவ்' என்றால் கொல்லர். முன்னால் வரும் 'ஆன்', ஆங்கிலத்தின் 'தி' மாதிரி. ஆங்கிலேயரிடம் ஸ்மித் எப்படியோ, கார்ன்வாலில் ஆங்கோவ் அப்படி. பிரெஞ்சு என்று பழங்கணக்கு ஐயாவுக்குத் தோன்றியதிலும் ஒரு நியாயம் உண்டு. கார்னிஷுக்கு நெருங்கிய சொந்தம் பிரான்சின் பிரிட்டனியில் பேசப்படும் பிரெட்டன் மொழி. அங்கே 'லெ கோஃப்' என்ற குடும்பப்பெயருக்கும் கொல்லர் என்றுதான் பொருள்.

கார்ன்வாலில் ஊரை வைத்து வந்த பெயர்கள் நிறைய. 'ட்ரெ' குடியிருப்பு, 'பொல்' குளம், 'பென்' முனை. ட்ரெவிதிக், பென்ரோஸ் எல்லாம் அந்த வகை. அப்படி இருந்தால் வரைபடத்தில் ஊரைத் தேடிப் பிடித்துவிடலாம். உங்களுடையது தொழிற்பெயர். கொல்லுப்பட்டறை ஊருக்கு ஊர் இருந்தது. மேற்குக் கார்ன்வாலில் தலைமுறைக்குத் தலைமுறை மாறாத குடும்பப்பெயர் நிலைக்கவே 16ஆம் நூற்றாண்டு வரை ஆனது. ரத்த உறவே இல்லாத பல வீட்டார் இந்தப் பெயரில் நின்றுவிட்டார்கள். அதனால் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு, பழைய மூதாதை ஒருவரிலிருந்து கீழே இறங்கி வராதீர்கள். பெட்டிக்காரரில் தொடங்கி ஒவ்வொரு படியாக மேலே ஏறுங்கள்.

இனி 'கேப்டன்'. உங்கள் உழைப்பெல்லாம் வீணானது இந்த ஒரு சொல்லால்தான். கார்ன்வால் சுரங்கங்களில் மேற்பார்வை பார்ப்பவரையே கேப்டன் என்பார்கள். ராணுவத்துக்கும் கப்பலுக்கும் சம்பந்தமே இல்லை.

லைன்வீடு:
இதைப் படித்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது அக்கா. நாங்களும் தங்கவயல்தான், மாரிகுப்பம். எங்கள் தாத்தா 'கேப்டன் துரை' என்றுதான் சொல்வார். நானும் அவரை ஏதோ பட்டாளத்துக்காரர் என்றே நினைத்திருந்தேன்.

தங்கவயல் சுரங்கங்களை 1880 முதல் நடத்தியது லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ். கார்ன்வாலிலும் மெக்சிகோவிலும் சுரங்கம் நடத்திப் பழகிய குடும்பம். அவர்கள்தான் கார்ன்வால் ஆட்களை இங்கே கொண்டுவந்தார்கள். அந்த ஆட்களுக்கும் ஊரில் பிழைப்பு இல்லை. 1866இல் செம்பு விலை விழுந்து சுரங்கம் சுரங்கமாக மூடினார்கள். அதற்கு முன்பே 1820களில் மெக்சிகோவின் ரியால் டெல் மொன்டேவுக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். அப்புறம் தெற்கு ஆஸ்திரேலியாவில் பர்ரா, மூன்டா, கலிபோர்னியாவில் கிராஸ் வேலி, தென்னாப்பிரிக்கா என்று போன இடமெல்லாம் தங்கிவிட்டார்கள். ரியால் டெல் மொன்டேயில் இன்றைக்கும் விற்கிற 'பாஸ்தே', கார்ன்வால் சுரங்கத்தாரின் பாஸ்டிதான். மாவுக்குள் கறியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுடுவது.

ஆங்கோவ் பெயரும் அப்படிப் பரவியதுதான். கார்ன்வாலிலிருந்து போன வில்லியம் ஆங்கோவ் என்ற மருத்துவர் 1886இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் தொடங்கிய ஒயின் தொழில் இன்றும் அதே பெயரில் நடக்கிறது.

தங்கவயல்_பேத்தி:
எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். 'கொல்லர்' என்றதும் இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னார்.

இன்னொரு சந்தேகம். மைக்கேல் ஆன் கோவ் என்ற புரட்சிக்காரர்தான் இந்தக் குடும்பத்தின் மூதாதை என்று ஒரு தளத்தில் போட்டு, குடும்பச் சின்னமும் விற்கிறார்கள். வாங்கலாமா?

ஏடும்_எழுத்தும்:
வேண்டாம். இங்கிலாந்தில் சின்னம் தனி மனிதருக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான் கொடுக்கப்படுகிறது, குடும்பப்பெயருக்கு இல்லை. மைக்கேல் உண்மையில் வாழ்ந்தவர். செயின்ட் கெவர்ன் ஊர்க் கொல்லர். ஸ்காட்லாந்துப் போருக்காக ஏழாம் ஹென்றி போட்ட வரியை எதிர்த்து 1497இல் ஆயிரக்கணக்கானவர்களோடு லண்டன் வரை நடந்தார். அந்த வருடம் ஜூன் 27 அன்று லண்டனின் கொலைக்களமான டைபர்னில் கொன்றார்கள். மைக்கேல் ஜோசப் என்பது பெயர், 'ஆன் கோவ்' அவர் தொழில். அதை வைத்து வம்சம் கட்ட முடியாது.

தேட வேண்டிய இடத்தைச் சொல்கிறேன். சென்னை மாகாணப் பக்கம் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் திருச்சபை நகல் எழுதி லண்டனுக்கு அனுப்பியது. அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் 'என் 2' வரிசை. ஞானஸ்நானப் பதிவில் தகப்பனின் தொழிலும் இருப்பிடமும் இருக்கும். பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களின் வரலாற்றுக்கான 'ஃபிபிஸ்' சங்கத்தின் தளத்திலும் இலவசமாகத் தேடலாம்.

இங்கிலாந்துப் பக்கம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1851 முதல் பிறந்த ஊரும் எழுதியிருக்கும். 1841இல் அது கிடையாது. ஆள் அகப்படவில்லை என்றால் மனைவியைத் தேடுங்கள். புருஷன் கடல் கடந்து போயிருக்க, வீட்டுத் தலைவராக மனைவி பெயர் நிற்கும் வீடுகள் கார்ன்வாலில் ஏராளம்.

ஒன்று செய்யுங்கள். இருட்டில் டார்ச்சைப் பெட்டி மூடியோடு ஒட்டினாற்போலப் படுக்கவைத்து அடியுங்கள். பெயின்ட் போன இடத்திலும் தூரிகைத் தடம் மேடாக நிற்கும்.

தங்கவயல்_பேத்தி:
இருக்கிறது! ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, அப்பா டார்ச்சைப் பிடித்துக்கொள்ள நான் பார்த்தேன். பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி. முதல் மூன்று எழுத்து சி, ஏ, எம். நடுவில் துரு தின்றுவிட்டது. கடைசியில் என், இ. கேம்போர்ன் என்று ஊர் இருக்கிறதா?

ஏடும்_எழுத்தும்:
இருக்கிறது சகோதரி. மேற்குக் கார்ன்வாலின் பெரிய சுரங்க ஊர்.

தங்கவயல்_பேத்தி:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். என் 2 வரிசையில் 1904ஆம் வருட ஞானஸ்நானம் ஒன்று கிடைத்தது. இருப்பிடம் தங்கவயலின் சாம்பியன் ரீஃப், தகப்பன் தொழில் சுரங்கக் கேப்டன். 1901 கணக்கெடுப்பில் கேம்போர்னில் அதே பெயருள்ள மனைவி, வீட்டுத் தலைவராக, இரண்டு குழந்தைகளோடு. கொள்ளுத்தாத்தா அவரிடம் சேர்ந்தது 1902. கணக்கு சரியாக வருகிறது. குடும்பத்தாரைக் கேட்காமல் இங்கே பெயர்களைப் போடவில்லை.

ஆனால் மேலே ஏறும்போது, கேம்போர்னில் ஒரே பெயரில் இரண்டு வருட இடைவெளியில் பிறந்த இரண்டு பையன்கள். எவர் நம்மவர்?

ஏடும்_எழுத்தும்:
வயதை நம்பாதீர்கள், கணக்கெடுப்பில் ஏறக்குறைய சொல்வார்கள். திருமணச் சான்று வாங்குங்கள். 1837 ஜூலைக்குப் பிந்தைய சான்றுகளில் இரு வீட்டுத் தகப்பன்மாரின் பெயரும் தொழிலும் இருக்கும். அதை ஞானஸ்நானப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் ஒருவர் விலகிவிடுவார்.

தங்கவயல்_பேத்தி:
சான்று வந்துவிட்டது ஐயா. தகப்பன் செம்புச் சுரங்கத் தொழிலாளி. இரண்டு பையன்களில் ஒருவரின் தகப்பன் தச்சர், ஆக மற்றவர்தான். கார்ன்வால் குடும்ப வரலாற்றுச் சங்கத்துக்கு நேற்று எழுதினேன். மூடியின் படமும், டார்ச் வெளிச்சத்தில் எடுத்த இரண்டாவது வரியின் படமும் வைத்திருக்கிறேன். சான்றின் நகலை அப்பாவே மடித்து உறையில் போட்டார், பழைய தாளில் இருந்ததைப் போலவே நாலாக.