டிஸ்கிரைப் கொடுத்தால் குறுவை, சம்பா எல்லாம் கேள்விக்குறி (மைஎஸ்க்யூஎல் 5.7)

மன்னை_நெல்மண்டி:
வணக்கம். நெல் வரவுக் கணக்கு உபுண்டு சர்வரில் ஓடுகிறது. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் வரவு டேபிளில் பருவம் என்ற ஃபீல்டு எனம் வகை (முன்பே கொடுத்த பட்டியலில் உள்ள மதிப்பை மட்டும் ஏற்கும்); குறுவை, சம்பா, தாளடி மூன்றும் தமிழிலேயே கொடுத்தவை. புட்டி (சர்வருக்குள் நுழையும் டெர்மினல் புரோகிராம்) வழியாக உள்ளே போய், டேபிளின் அமைப்பைக் காட்டும் டிஸ்கிரைப் கட்டளை போட்டால் டைப் இருக்கும் இடத்தில் '??????', '?????', '?????' என்று வருகிறது. பில் பக்கத்தில் தமிழ் சரியாகத் தெரிகிறது. டேபிளை அழித்து மறுபடி உருவாக்கணுமா? சம்பா நெல் வந்துகொண்டே இருக்கிறது.

குடந்தை_டிபிஏ:
டேபிளில் கை வைக்காதீங்க. கேள்விக்குறிகளை எண்ணிப் பாருங்க: 6, 5, 5. உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் யூனிகோடில் தனித்தனி என்பதால் குறுவைக்கு 6 குறியீடு, மற்ற இரண்டுக்கும் ஐந்தைந்து. குறியீட்டுக்கு ஒன்றாக ? விழுந்தால், எங்கோ லத்தீன்1க்கு (தமிழ் எழுத்தே இல்லாத, மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான குறியீட்டு முறை) மாற்றப் பார்த்து இடம் கிடைக்காமல் போயிருக்கிறது. அது சேமிக்கும்போது நடந்ததா, காட்டும்போது நடந்ததா என்பதுதான் கேள்வி.

டேபிள்களின் விவரம் இருக்கும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவின் காலம்ஸ் டேபிளில் அந்த ஃபீல்டின் காலம்_டைப்பை, பைட்டுகளை அப்படியே எண்ணாகக் காட்டும் ஹெக்ஸ் ஃபங்ஷனுக்குள் போட்டு எடுங்க. குறுவையின் 'க' ஈ0ஏஈ95 என்று இருந்தால் சேமித்தது பத்திரம். 3எஃப் 3எஃப் (கேள்விக்குறியின் பைட்) என்று தொடர்ந்தால் எழுத்தே போய்விட்டது.

பத்திரம் என்றால், இணைப்பின் எழுத்து முறையைத் தமிழும் அடங்கிய யூனிகோடுக்கு மாற்றும் செட் நேம்ஸ் யூடிஎஃப்8எம்பி4 கட்டளையைக் கொடுத்துவிட்டு டிஸ்கிரைப் போடுங்க. சர்வரில் லாங் (மொழி அமைப்பு) மதிப்பு சி என்று இருந்தால் 5.7 கிளையன்ட் (நீங்கள் கட்டளை தட்டும் புரோகிராம்) லத்தீன்1க்குப் போய்விடும். நிரந்தரமாக மாற்ற, உங்கள் ஹோம் டைரக்டரியின் .மை.சிஎன்எஃப் ஃபைலில் (பெயரின் முதலிலும் புள்ளி உண்டு) மைஎஸ்க்யூஎல் பகுதியின் கீழ் டிஃபால்ட்-கேரக்டர்-செட்டை யூடிஎஃப்8எம்பி4 ஆக்குங்க. புட்டியின் டிரான்ஸ்லேஷன் அமைப்பும் யூடிஎஃப்-8 ஆக இருக்கணும்.

மன்னை_நெல்மண்டி:
ஈ0ஏஈ95 தான் வருது அண்ணே. செட் நேம்ஸ் கொடுத்ததும் தமிழ் வந்துவிட்டது. ஆனால் கட்டம் போட்ட கோடுகள் கோணலாக நிற்கின்றன.

குடந்தை_டிபிஏ:
அது பழுது இல்லை. தமிழ் எழுத்தின் அகலத்தைக் கிளையன்ட் ஒரு மாதிரியும் டெர்மினல் வேறு மாதிரியும் கணக்கிடுவதால் வருவது. அரைப்புள்ளிக்குப் பதில் பின்சாய்வுக்கோடும் பெரிய ஜி எழுத்தும் போட்டு முடியுங்க, ஃபீல்டு ஒவ்வொன்றும் வரி வரியாக இறங்கும்.

திருவையாறு_பேக்கெண்ட்:
பின்னால் தேடி வருபவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். ஹெக்ஸில் சி3ஏ0சி2ஏஈ என்று வந்தால் அது இரட்டை என்கோடிங் (யூடிஎஃப்-8 பைட்டுகளை லத்தீன்1 என்று நினைத்து மறுபடி யூடிஎஃப்-8 ஆக்கியது), மீட்கலாம். ஆனால் எனம் பட்டியலை நேரே திருத்தி ஆல்டர் (டேபிள் அமைப்பை மாற்றும் கட்டளை) கொடுக்கவே கூடாது. பழைய மதிப்பு புதுப் பட்டியலில் இல்லாததால் ஸ்ட்ரிக்ட் மோடில் (பொருந்தாத மதிப்பை ஏற்க மறுக்கும் அமைப்பு) 1265 பிழை வந்து நிற்கும். ஸ்ட்ரிக்ட் இல்லையென்றால் பருவம் காலியாகிவிடும், அதுதான் பெரிய ஆபத்து. பேக்கப் எடுத்து, ஃபீல்டை யூடிஎஃப்8எம்பி4 வார்கேராக (எந்த எழுத்தையும் ஏற்கும் சாதாரண வகை) மாற்றி, மதிப்பை லத்தீன்1க்குக் கன்வர்ட், பைனரிக்குக் காஸ்ட், மறுபடி யூடிஎஃப்8எம்பி4க்குக் கன்வர்ட் என்று அப்டேட் செய்து, கடைசியில் எனம் ஆக்குங்க. இதை மைஎஸ்க்யூஎல்லுக்குள்ளேயே செய்யுங்க. நம் புள்ளியின் கடைசி பைட் 8டி; லத்தீன்1 போன்ற விண்டோஸ் 1252 எழுத்துப் பட்டியலில் அந்த இடம் காலி. மைஎஸ்க்யூஎல்லின் லத்தீன்1 அதைக் காப்பாற்றிக் கொடுக்கும். வெளியே வேறு டூலில் மாற்றினால் சம்பாவில் புள்ளி கெட்டுப்போக வாய்ப்பு உண்டு.