மேல்படிப்புக்கு எந்த இடம்? கையில் இரண்டு மூன்று கடிதத்தோடு நின்றவர்கள் எழுதுங்கள்

நொய்யல்கரை:

2017 ஏப்ரல். பொறியியல் மேல்படிப்புக்கான கேட் தேர்வு மதிப்பெண்ணை வைத்துச் சென்னை ஐ.ஐ.டி.யில் எம்.டெக். இடம் வந்திருந்தது, மாதம் 12,400 உதவித்தொகையோடு. அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். அங்கே உதவித்தொகை ஒன்றும் இல்லை, இரண்டு வருடத்துக்கு 35 லட்சம் வேண்டும். ஐ.ஐ.டி. போர்ட்டலில் 'ரீடெய்ன் அண்ட் வெயிட்', அதாவது இடத்தை வைத்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கிறேன் என்று போட்டுவிட்டு, பணம் புரளுமா என்று பார்க்க அப்பாவோடு கிளம்பினேன். அந்தச் சுற்றுக் கணக்கெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரியும், விடுங்கள்.

மனசை இன்னும் அறுப்பது வங்கியில் நடந்தது. அப்பா மஞ்சப் பையில் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் கொண்டு வந்திருந்தார். பல்லடத்துக்குத் தெற்கே நாலு ஏக்கர் தோட்டம், கிணறு, தென்னை. ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் அடமானம் கேட்பார்கள் என்று தெரிந்துதான் போனோம். மேலாளர் பட்டாவைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது விவசாய பூமிங்க. நாங்க எடுக்க முடியாது. டவுன்ல வீடோ சைட்டோ இருந்தாக் கொண்டாங்க."

"ஏக்கரு அம்பது லட்சம் போகுதுங்க" என்றார் அப்பா.

"போகுமுங்க. கடன் திரும்பலைன்னா இதை எங்களால ஏலத்துக்குக் கொண்டு போக முடியாதுங்களே."

அப்புறம்தான் தேடிப் படித்தேன். கடன் திரும்பாவிட்டால் வங்கியே அடமானச் சொத்தை எடுத்து விற்க வழி செய்யும் 2002-ஆம் வருட சர்ஃபேசி சட்டத்தில் விவசாய நிலத்துக்கு விலக்கு இருக்கிறது. விவசாயி நிலத்தை இழக்கக் கூடாது என்று வைத்த பிரிவு அது. அன்றைக்கு அது தெரியாமல் அப்பா கேட்டார்: "அப்ப இது எதுக்குத்தானுங்க ஆகும்?"

"பயிர்க் கடனுக்கு ஆகுமுங்க."

அப்பா பட்டாவைப் பழைய மடிப்பு மாறாமல் நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். வெளியே பேக்கரியில் எனக்கு மட்டும் டீ சொன்னார். அடுத்த சுற்றில் சென்னையை உறுதி செய்துவிட்டேன். நல்ல படிப்பு, நல்ல ஆசிரியர்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அப்பா அந்தக் காகிதத்தை மடித்த விதம் கண்ணைவிட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

தறிவீட்டு அம்மிணி:

நொய்யல்கரை அண்ணா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

என்னுடையது பிஎச்.டி. 2016 மார்ச் கடைசி. ஒரு பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, வகுப்பு உதவியாளர் வேலை, மாதம் 1,500 டாலர், வருடத்தில் ஒன்பது மாதம் மட்டும். ராத்திரி ஒன்பதரைக்கு அங்கிருந்து ஒரு பேராசிரியர் கூப்பிட்டார். சோமனூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே எட்டுத் தறி ஓடுகிறது. ஒன்றும் கேட்கவில்லை. போனைக் காதில் அழுத்திக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடினேன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்றார். நான் அங்கேயே நின்று சரி என்று சொல்லிவிட்டேன்.

பத்து நாள் கழித்து, ஏப்ரல் 5, நான் உண்மையில் ஆசைப்பட்ட இடத்திலிருந்து கடிதம் வந்தது. பன்னிரண்டு மாத உதவித்தொகை, என் துறையிலேயே ஆய்வகம். வாக்குக் கொடுத்தாயிற்று, மாற்றக் கூடாது என்று அப்பாவும் சொன்னார், எனக்கும் அதுதான் முறை என்று பட்டது. நன்றி சொல்லி மறுத்து எழுதினேன்.

ஒரு வருடம் கழித்துப் பக்கத்து மேசைக்காரி சொல்லித்தான் தெரியும். அமெரிக்காவில் கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் என்ற அமைப்பின் ஏப்ரல் 15 தீர்மானம் ஒன்று இருக்கிறது. அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், உதவித்தொகையோடு தரும் இடத்துக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதில் கேட்டு நெருக்கக் கூடாது. அவசரப்பட்டுச் சரி சொன்னவரும் அந்தத் தேதிக்குள் எழுத்தில் விலகிக்கொள்ளலாம். பட்டியலை இறக்கி, விரலை வைத்துத் தேடிக்கொண்டே வந்தேன். என் பல்கலைக்கழகத்தின் பெயர் அதில் இருந்தது. எனக்குப் பத்து நாள் மிச்சம் இருந்திருக்கிறது.

மஞ்சள்மண்டி:

நான் படித்தவன் இல்லை, ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம். அக்கா மகனோடு 2019-இல் கோயமுத்தூரில் ஒரு ஏஜென்ட் அலுவலகத்துக்குப் போனேன். கலிஃபோர்னியாவில் ஒரு கல்லூரி, கட்டணம் குறைவு, உடனே சேர்க்கை, முதல் நாளிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றார்கள். அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டால் கையேட்டில் ஒரு தங்க முத்திரையைக் காட்டினார். மாப்பிள்ளை அந்த முத்திரையில் இருந்த அமைப்பின் பெயரைப் போனில் போட்டு, அமெரிக்கக் கல்வித்துறை ஏற்றுக்கொண்ட அமைப்புகளின் பட்டியலில் தேடினான். இல்லை. சி.ஹெச்.இ.ஏ. என்ற அங்கத்திய உயர்கல்வி அங்கீகாரக் கவுன்சிலின் பட்டியலிலும் இல்லை. "அது பழைய லிஸ்ட்டுங்க" என்று சொல்லி ஏஜென்ட் மடிக்கணினியை மூடினார். "மாமா, எந்திரிங்க போலாம்" என்றான் பையன்.

2011-இல் கலிஃபோர்னியாவில் ட்ரைவேலி பல்கலைக்கழகம் விசா மோசடியில் மூடப்பட்டபோது நம் நாட்டுப் பிள்ளைகள் காலில் கண்காணிப்புப் பட்டை மாட்டியதைப் பேப்பரில் பார்த்தவன் நான். அதனால் பேசாமல் எழுந்துவிட்டேன். ஆனால் வெளி அறையில் ஒரு அம்மாவும் பெண்ணும் முன்பணம் கட்ட உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா மடியில் பையை இறுக்கிப் பிடித்திருந்தது. அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் படி இறங்கிவிட்டேன்.

சரி, நொய்யல்கரைத் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். நிலம் ஆகவில்லை என்றால் அதோடு முடிந்ததா? அடமானமே இல்லாமல் கொடுக்கும் தனியார் நிதி நிறுவனங்கள் இருக்கின்றன, வட்டி கூடுதல்தான். கல்விக்கடனுக்கான வித்யாலட்சுமி போர்ட்டலில் ஒரே விண்ணப்பத்தை மூன்று வங்கிக்கு அனுப்பலாம். ஒரு மேலாளர் சொன்னதைக் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உறவில் டவுனில் வீடு இருக்கிறவர்களை ஜாமீனுக்குக் கேட்டிருக்கலாம். வட்டிக் கணக்கை மட்டும் முதலிலேயே போட வேண்டும்: 40 லட்சத்துக்கு 11 சதவீதம், படிப்பும் வேலை தேடும் காலமும் சேர்த்து இரண்டரை வருடம் தவணை இல்லாமல் போனால், தனிவட்டியே 11 லட்சம் ஏறி நிற்கும். அதனால் அந்த இரண்டரை வருடமும் வட்டியையாவது மாதாமாதம் வீட்டிலிருந்து கட்டிவிடுங்கள். பழைய வருமான வரி முறையில் இருந்தால் அந்த வட்டிக்கு எட்டு வருடம் வரை கழிவு உண்டு. உள்ளூரில் எம்.ஈ. சேர்கிற பிள்ளைகளும் என்.பி.ஏ. என்கிற தேசிய வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் சேர வேண்டும். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014-இல் இந்தியா சேர்ந்துவிட்டதால் அந்தப் பட்டம் வெளிநாட்டிலும் செல்லும்.

பவானி கூடுதுறை:

மண்டி அண்ணா, மரியாதையோடு சொல்கிறேன். அடமானம் இல்லாத கடன் என்றாலும் அப்பா இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட வேண்டும். பையனுக்கு வேலை அமையவில்லை என்றால் தவணை தறிக்காரர், தோட்டக்காரர் தலையில்தான் விடியும். அந்த அண்ணன் சென்னையைத் தேர்ந்ததில் ஒரு தப்பும் இல்லை. உறவில் ஜாமீன் கேட்பது என்ன விலை என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு நோம்பிக்கும் அந்தப் பேச்சு வரும்.

என் கதை ஜெர்மனி, 2023 டிசம்பர். இரண்டு கடிதம். ஒன்று ஸ்டுட்கார்ட் பக்கம். பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 2017-லிருந்து செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம், நாலு செமஸ்டருக்கு 6,000. இன்னொன்று கிழக்கே ஒரு சின்ன நகரம், கட்டணமே இல்லை. எப்படியும் விசாவுக்கு, ஒரு வருடச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு வைக்கும் முடக்கக் கணக்கில் அப்போது 11,208 யூரோ காட்ட வேண்டியிருந்தது, கிட்டத்தட்ட பத்து லட்சம். அதற்கே அம்மாவின் நகை போய்விட்டது. அதனால் கிழக்குதான் என்று பாதி முடிவோடு, அங்கே படிக்கும் நம்ம ஊர்க்காரர் ஒருவரை வீடியோவில் கூப்பிட்டேன்.

கட்டணம், அறை வாடகை, பகுதிநேர வேலை என்று கேட்டுக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். வேலை எப்படிங்க என்றபோது மட்டும் கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பினார். அங்கே மாலை நாலரைதான், முழு இருட்டு. ட்ராம் நிறுத்தத்தில் ஒரு ஆள்கூட இல்லை. "பாத்துக்கோங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். நான் ஸ்டுட்கார்டைத் தேர்ந்தேன். கார் கம்பெனிகள் பக்கத்தில், மாணவர் வேலையும் கிடைத்தது, 6,000 யூரோவை அதிலேயே எடுத்துவிட்டேன்.

அரை மணி நேரம் பேசியதில், நீங்க எப்படி இருக்கீங்கண்ணா என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. பொங்கலுக்குப் போட்ட செய்திக்கு அவரிடமிருந்து பதில் இல்லை. அப்புறம் அந்த எண்ணே போய்விட்டது.

கோபி வயல்:

மண்டி ஐயா, என்.பி.ஏ. பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு திருத்தம். வாஷிங்டன் ஒப்பந்தம் இளநிலைப் பொறியியல் படிப்புக்குத்தான், எம்.ஈ.க்கு இல்லை. பி.ஈ.யிலும் தன்னாட்சிக் கல்லூரிகளுக்கான முதல் அடுக்கு அங்கீகாரம்தான் கணக்கில் வரும். அதோடு என்.பி.ஏ. கல்லூரிக்குக் கொடுப்பதில்லை, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகக் கொடுப்பது, அதுவும் மூன்று வருடம், ஆறு வருடம் என்று காலக்கெடுவோடு. மொத்தக் கல்லூரிக்கும் பார்ப்பது நாக் (NAAC) என்கிற வேறு அமைப்பு. இந்த வித்தியாசம் தெரியாமல் நம் பக்கத்தில் எத்தனை பேர் பலகையைப் பார்த்துச் சேர்கிறார்கள்.

எனக்கு இது தெரிய வந்த விதம் வேறு. 2018-இல் கள்ளிக்கோட்டை என்.ஐ.டி.யில் இடம். இங்கே நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கல்லூரியிலும் இடம். கேட் தேறியிருந்தால் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. கொடுக்கும் அதே 12,400 இந்த மாதிரிக் கல்லூரியிலும் கிடைக்கும், ஆக பணத்தில் வித்தியாசம் இல்லை. அம்மாவுக்கு வாரம் இரண்டு நாள் ஈரோட்டில் டயாலிசிஸ். அப்பா இல்லை. தம்பி பத்தாவது.

கல்லூரி வாசலில் பெரிய பலகை, என்.பி.ஏ. என்று கொட்டை எழுத்தில். துறைத்தலைவரிடம் கேட்டேன்: "எம்.ஈ.க்கும் இருக்குங்களா சார்?" வெளியே சேர்க்கைக்குக் கூட்டம், கதவு திறந்திருந்தது. அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன் கண்ணு. பி.ஈ.க்குத்தான் இருக்கு. எம்.ஈ.க்கு வாங்கலை. உனக்கு என்.ஐ.டி. கிடைச்சிருக்கு, போறதுன்னா போ."

நான் அங்கேயேதான் சேர்ந்தேன். டயாலிசிஸ் நாளில் மதியம் விட்டுவிடுவார். அம்மா அடுத்த வருடம் ஆடியில் போய்விட்டார். கள்ளிக்கோட்டைக்குப் போயிருந்தால் அந்தப் பதினான்கு மாதம் எனக்குக் கிடைத்திருக்காது. அந்தக் கதவைச் சாத்தியதற்கு அவருக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. போன வருடம் ஓய்வு பெற்றுவிட்டார் என்று கேள்வி.

மஞ்சள்மண்டி:

திருத்தத்துக்கு நன்றி கண்ணு. அந்தச் சாரை எப்படியாவது தேடிப் பார்த்துவிடு. ஓய்வு பெற்றவர் வீட்டு முகவரி அலுவலகத்தில் கேட்டால் கொடுப்பார்கள்.

நொய்யல்கரை:

மண்டி அண்ணா, கோபப்படவில்லை. அந்த வயதில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு இன்னொரு வங்கிப் படி ஏற எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

நான் இதை இப்போது எழுதியதற்குக் காரணம் உண்டு. தங்கை மகளுக்கு இந்த வாரம் அமெரிக்காவிலிருந்து இரண்டு கடிதம், இரண்டிலும் உதவித்தொகை உண்டு என்கிறார்கள். சேதி கேட்டதும் அப்பா உள்ளே போய் அந்த மஞ்சப் பையை எடுத்து வந்து திண்ணையில் வைத்தார். "இது ஆகாதுன்னு தெரியும் சாமி. எதுக்கும் இருக்கட்டும்" என்றார். தறிவீட்டு அம்மிணி, பதில் எழுதுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளை என்னென்ன கேட்க வேண்டும்?

தறிவீட்டு அம்மிணி:

எல்லாவற்றையும் மின்னஞ்சலில் கேட்கச் சொல்லுங்கள், போனில் வேண்டாம். உதவித்தொகை ஒன்பது மாதமா பன்னிரண்டு மாதமா, கோடையில் என்ன வழி. தள்ளுபடி கல்விக் கட்டணத்துக்கு மட்டுமா, மற்ற கட்டணங்களும் சேர்த்தா. மருத்துவக் காப்பீடு யார் கட்டுவது. எத்தனை வருடத்துக்கு உறுதி, முதல் வருடத்துக்கு மட்டும்தானா. அந்த இரண்டு பெயரும் ஏப்ரல் 15 பட்டியலில் இருக்கிறதா என்று இன்று ராத்திரியே நான் பார்த்துச் சொல்கிறேன். பெயரைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள் அண்ணா. அதுவரை யாராவது கூப்பிட்டால் சரி என்று மட்டும் சொல்ல வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.