பட்டுக்கோட்டையார் பாடல் தொகுப்பு கொழும்பில் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் உறவுகளே. மே தினத்தையொட்டி கொட்டாஞ்சேனையில் நாங்கள் சிலர் கூடி பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் பற்றிப் பேச இருக்கிறோம். பேசுகிற பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. அவருடைய பாடல் தொகுப்பு ஒன்று இரவலாக வேண்டும்.

சினிமாப் பாட்டுக்குக் குறையில்லை. ‘காடு வெளஞ்சென்ன மச்சான்’ என்று எடுத்துக்கொடுத்தால் எங்கள் ஒழுங்கையில் பாதிப் பேர் மிச்சத்தைப் பாடிவிடுவார்கள். உழைக்கிறவனுக்கு என்ன மிஞ்சுகிறது என்ற கேள்வியை 1958இல் எம்ஜிஆர் படத்துக்குள்ளேயே வைத்துவிட்டார், கெட்டிக்காரர்! ஆனால் எம்ஜிஆரோடு மட்டும் அவரை நிறுத்திவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எனக்கு வேண்டியது அதற்கு முந்திய கல்யாணசுந்தரம். செங்கப்படுத்தான்காட்டு விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, பள்ளிப் படிப்பு சொற்பம், வயிற்றுப்பாட்டுக்கு என்னென்னவோ வேலை. விவசாய இயக்கத்தில் நின்றார், புதுச்சேரியில் பாரதிதாசனோடு இருந்தார், கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகையான ‘ஜனசக்தி’யில் எழுதினார். அந்தக் கவிதைகளையும் படப் பாடல்களையும் பிரித்துப் போட்ட பதிப்பென்றால் மிக நல்லது. 1959இல் 29 வயதிலேயே போய்விட்டதால் எல்லாம் ஒரே புத்தகத்தில் அடங்கிவிடும்.

மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் தேடியாயிற்று. கிடைத்த ஒன்றில் முன்பக்கங்கள் கிழிந்து, எது எப்போது எழுதியது என்றே தெரியவில்லை.

வத்தளை முதல் தெஹிவளை வரை எங்கென்றாலும் நானே வந்து வாங்கி, போட்டோக் கொப்பி எடுத்துவிட்டுத் திருப்பித் தருவேன். புத்தகம் தர மனமில்லாவிட்டால் பொருளடக்கத்தை மட்டும் படம் எடுத்து இன்பாக்ஸில் அனுப்புங்கள், அதுவே போதும்.